காதுக்குள்ள வழும்பு

போன மாசம் ஒரு வாட்டர் பிளான்ட்ல மெம்பரேன் ஹவுசிங்க (தண்ணிய வடிகட்டுற ஜவ்வு இருக்குற குழாய்) கழட்டினேன். ஆறு மாசமா யாரும் கை வைக்காத பிளான்ட், கேன் போடுற ஓனர் "தண்ணி கம்மியா வருது தம்பி, பம்பு போச்சான்னு பாருங்க"ன்னு கூப்பிட்டாரு, பம்பு நல்லாத்தான் இருந்துச்சு, எண்ட் கேப்ப உருவினதுமே தெரிஞ்சுபோச்சு, பழுப்பு கலர்ல கொழகொழன்னு வழும்பு, விரல்ல எடுத்தா விலாங்கு மீனத் தொட்ட மாதிரி வழுக்குது. மூக்குக்கிட்ட கொண்டுபோனேன் (எங்க வேலைல மோந்து பாக்குறதும் ஒரு டெஸ்ட்டுதான், சிரிக்காதீங்க). அந்த வாடை எனக்குப் புதுசு இல்ல. ஏழு வயசுல இருந்து என் வலது காதுல வெச்சு எடுத்த பஞ்சுல அடிச்ச வாடைக்கு அது தூரத்து சொந்தம்.

பைப்புக்குள்ளயும் காதுக்குள்ளயும் கிருமி ஒட்டிக் கட்டுற இந்த வழும்பப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், காது ஆபரேஷன் முடிஞ்சு இப்ப காது காஞ்சு கெடக்குறதால தைரியமா எழுதுறேன்.

எங்க ஊரு ராமநாதபுரம் பக்கம். மழை பெஞ்சு கண்மாய் நெறஞ்சா பசங்க எல்லாம் அதுலதான் கெடப்போம். சளி பிடிச்சு காதுக்குள்ள குத்து எடுத்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன், விடியக்காலைல தலையணை ஈரமா இருந்துச்சு, வலி நின்னுபோச்சு. வீட்ல எல்லாரும் சரியாயிருச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க. காது ஜவ்வு கிழிஞ்சு சீழ் வெளிய வந்ததாலதான் வலி நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியல. அப்பத்தா நல்லெண்ணெய்ல பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி இளஞ்சூட்டுல ஊத்துச்சு, பக்கத்து வீட்ல பிள்ளை பெத்திருந்த அக்காகிட்ட தாய்ப்பால் வாங்கிட்டு வந்தும் விட்டாங்க. பாவம், யாரையும் கொறை சொல்ல முடியாது. ஓட்டை விழுந்த ஜவ்வு வழியா அந்த எண்ணெய் நேரா நடுக்காதுக்குள்ள போயிருக்கும்னு இப்ப நெனச்சா உடம்பு கூசுது, அவ்ளோதான்.

அதுக்கப்புறம் ஒரு சுத்து ஆரம்பிச்சுச்சு. சளி பிடிக்கும், இல்லன்னா குளிக்கும்போது தண்ணி போயிரும், காது ஒழுகும், மெடிக்கல்ல போய் நின்னா அஞ்சு நாளைக்கு மாத்திரை கிழிச்சுக் குடுப்பாங்க, மூணாவது நாளே காஞ்சுரும், நாலாவது நாள் மாத்திரையை மறந்துருவேன், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ நல்லாப் போகும், மறுபடி ஒழுகும். ஸ்கூல்ல என் பக்கத்துல உக்காந்தவன் மிஸ்கிட்ட சொல்லி இடம் மாத்திக்கிட்டான். அவன் மேல இப்பவும் கோவம் இல்ல, எனக்கே அந்த வாடை தாங்காது. ஆனா எப்பவும் வலது பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டதால வாத்தியார் எனக்கு கவனம் பத்தலன்னு நெனச்சுட்டாரு, அதுதான் கொஞ்சம் வருத்தம். அந்தக் காது பாதிதான் கேட்டுச்சு.

இருபது வயசு வாக்குல ஒரு டவுன் கிளினிக்ல (பேரு வேணாம்) சீழ எடுத்து கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, "நோ க்ரோத்". கிருமி எதுவும் வளரலையாம். அந்த டாக்டர் பேப்பரப் பாத்துட்டு "இன்ஃபெக்ஷன் இல்ல தம்பி, அலர்ஜிதான்"னு சளி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. காதுல இருந்து சீழ் சொட்டிட்டு இருக்கு, பேப்பர்ல கிருமி இல்ல. நானும் படிக்காதவன் மாதிரி மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

இப்ப என் வேலைக்கு வரேன், ஏன்னா இந்த விஷயம் எனக்கு டாக்டர் மூலமா புரியறதுக்கு முன்னாடி மெம்பரேன் மூலமா பாதி புரிஞ்சிருந்துச்சு, நான்தான் ரெண்டையும் சேத்துப் பாக்கல.

ஆர்ஓ பிளான்ட்ல போர் தண்ணி முதல்ல சாண்ட் ஃபில்டர், அப்புறம் கார்பன் ஃபில்டர், அப்புறம் மைக்ரான் கார்ட்ரிட்ஜ், அதுக்கப்புறம்தான் ஹை ப்ரஷர் பம்பு போட்டு மெம்பரேனுக்குள்ள தள்ளுவோம். தண்ணில குளோரின் இருந்தா மெம்பரேன் பாழாயிரும், அதனால கார்பன்லயே குளோரின எடுத்துருவோம். எடுத்தாச்சுன்னா அதுக்கப்புறம் கிருமியத் தடுக்க ஆள் இல்ல. ஒண்ணு ரெண்டு வந்து மெம்பரேன் மேல ஒட்டும். ஒட்டுனது பெருகும், பசை மாதிரி ஒண்ண சுரந்து தன்னைச் சுத்தி பூசிக்கும், அதுக்கு மேல இன்னும் நாலு ஒட்டும். உள்ள போற ப்ரஷருக்கும் வெளிய வர்ற ப்ரஷருக்கும் வித்தியாசம் 15 சதவீதம் ஏறுச்சுன்னா கழுவிரணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. கழுவும்போது முதல்ல காஸ்டிக் போட்டு அந்தப் பசைய இளக்கணும், ஊறவிடணும், ஓட்டணும், அப்புறம்தான் ஆசிட். அவசரப்பட்டு அரைகுறையா கழுவிட்டுப் போனா அன்னைக்கு தண்ணி ஜோரா வரும், ஓனர் டீ வாங்கிக் குடுப்பாரு, பத்து நாள்ல மறுபடி போன் வரும். எனக்கு வேலை கத்துக்குடுத்த அண்ணன் சொல்லும், "டேய், தண்ணில மிதக்குற கிருமி ஒனக்கு எதிரி இல்லடா, செவுத்துல ஒட்டுனவன்தான் எதிரி"ன்னு.

அந்த அண்ணன் எட்டாவது வரைக்கும்தான் படிச்சது. ஆனா அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல போஸ்மன்ங்கற ஊருல ஒரு யுனிவர்சிட்டில இதுக்குன்னே தனியா இருக்குற ஒரு சென்டருக்குத் தலைவரா இருந்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினாரு பில் காஸ்டர்டன்னு ஒரு கனடாக்காரர், அவரு சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். மலை ஓடைத் தண்ணிய எடுத்துப் பாத்தா கிருமி ரொம்பக் கொஞ்சமா இருக்கு, அதே ஓடைல கால் வெச்சா வழுக்குற கல்லு இருக்குல்ல, அந்தக் கல்லு மேல கோடிக்கணக்குல கெடக்கு. கிருமிங்களுக்கு மிதந்துட்டு திரியுறது வழிப்பயணம் மாதிரி, ஒட்டிக்கிட்டு கூட்டமா இருக்குறதுதான் குடித்தனம். 1978-ல அவரும் கூட்டாளிங்களும் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகைல கிருமிங்க எப்படி ஒட்டுதுன்னு எழுதினதுக்கு அப்புறம்தான் டாக்டர்மாரும் நெறைய பேரு இந்தப் பக்கம் மெதுவா திரும்ப ஆரம்பிச்சாங்க. இதுக்குப் பேரு பயோஃபில்ம், பாடப் புத்தகத் தமிழ்ல உயிர்ப்படலம்னு போடுவாங்க. நான் வழும்புன்னே சொல்றேன், எங்க ஊர்ல மீன் மேல இருக்குறதுக்கும் தொட்டி அடில இருக்குறதுக்கும் அதான் பேரு.

உண்மையச் சொன்னா இது இன்னும் பழைய கதை. 1683-ல ஹாலந்துல டெல்ஃப்ட் ஊரு துணி வியாபாரி லேவன்ஹுக் தன் பல்லு இடுக்குல இருந்த வெள்ளை மாவ சொரண்டி தானே செஞ்ச லென்ஸ்ல வெச்சுப் பாத்தாரு, உள்ள குட்டிக் குட்டி ஜீவன் எல்லாம் ஓடிட்டு இருக்கு. ஆளு அதோட விடல, வினிகர் ஊத்திப் பாத்தாரு. சொரண்டி எடுத்து கலைச்சு வெச்சதுல ஊத்துனா ஜீவன் எல்லாம் செத்துச்சு, பல்லு மேல ஒட்டிட்டு இருக்கும்போதே வினிகர வெச்சு வாயக் கொப்புளிச்சா வெளிப்பக்கம் இருக்குறது மட்டும் செத்துச்சு, உள்ள இருக்குறதுக்கு ஒண்ணும் ஆகல. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு துணிக்கடைக்காரர் கண்டுபிடிச்ச விஷயம், என் காதுக்கு வந்து சேர இவ்ளோ நாள் ஆச்சு.

எனக்கு இத முதல்ல சொன்னது மதுரைல ஒரு இஎன்டி மேடம். மைக்ராஸ்கோப்ப காதுக்கு மேல கொண்டுவந்து சக்ஷன் குழாய உள்ள விட்டு சொர்ருன்னு உறிஞ்சுனாங்க, தலை லேசா சுத்துச்சு, அசையாதீங்க தம்பின்னு அதட்டுனாங்க. முடிச்சுட்டு "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அப்ப ஒங்களுக்கு ஈசியா புரியும், ஒங்க மெம்பரேன்ல படியுதே அதேதான் ஒங்க நடுக்காதுச் சதையில படிஞ்சிருக்கு, மாத்திரை மட்டும் போட்டா வெளிய வர்றது சாகும், உள்ள ஒட்டுனது அங்கயேதான் இருக்கும்"னாங்க. நான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பதினஞ்சு வருஷமா நான் ஒவ்வொரு தடவையும் புதுசா இன்ஃபெக்ஷன் வருதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். புதுசா எவனும் வரல. ஒரே குடும்பம்தான், ஏழு வயசுல இருந்து வாடகை குடுக்காம உள்ளயே இருந்திருக்கு, அப்பப்ப பிள்ளைகள வெளிய அனுப்புது, அதுங்க வெளிய வந்து ஆடும்போது சீழ், மாத்திரை போட்டா பிள்ளைங்க செத்துரும், தாய் உள்ள.

ஏன் மாத்திரை உள்ள எட்டாதுன்னு நான் முதல்ல நெனச்சது, பசை மருந்தத் தடுக்குதுன்னு. அது ஒரு பங்குதான். நெறைய மருந்து பசைக்குள்ள போயே போயிரும். அங்க போய் என்ன பண்றதுங்கறதுதான் பிரச்சினை. நம்ம ஊருல அதிகம் குடுக்குற அமாக்சிசிலின் மாதிரி மருந்து எல்லாம் கிருமி வளர்ந்து செவுரு கட்டும்போது அந்தக் கட்டுமானத்தக் கெடுத்துக் கொல்ற மருந்து. வழும்புக்கு அடில இருக்குற கிருமிக்கு காத்து கம்மி, சாப்பாடு கம்மி, அது வளரவே இல்ல, சும்மா சுருண்டு படுத்திருக்கு. கொத்தனார் வேலைக்கே வராத வீட்ல போய் நீங்க செங்கல் சப்ளைய நிறுத்தி என்ன பண்ண? அதனாலதான் மிதக்குற கிருமியக் கொல்ற அளவ விட ஒட்டுன கிருமியக் கொல்ல 10 மடங்குல இருந்து 1000 மடங்கு வரைக்கும் மருந்து தேவைப்படுதுன்னு சொல்றாங்க. மருந்த எதிர்க்குற சக்தி வந்துருச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இது நெறைய பேரு கொழப்பிக்குற எடம். அதே கிருமிய எடுத்து தண்ணில மிதக்கவிட்டா சாதாரண டோசுலயே செத்துரும்.

இதுலயும் தூங்குமூஞ்சி ஒரு கூட்டம் இருக்கு. 1944-ல ஜோசஃப் பிக்கர்ங்கற அயர்லாந்து டாக்டர் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி மேல பென்சிலின ஊத்திப் பாத்தாரு, அப்பதான் பென்சிலின் புதுசு, எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடிட்டு இருந்த சமயம். பத்து லட்சத்துல ஒண்ணு சாகாம நின்னுச்சு. அந்த ஒண்ண எடுத்து வளர்த்தா அதோட பிள்ளைகள் பென்சிலினுக்கு மறுபடி சாதாரணமா சாகுது. அதாவது அது பலசாலி இல்ல, மருந்து வந்த நேரத்துல அசையாம கெடந்துச்சு. அதுக்கு அவரு பெர்சிஸ்டர்னு பேரு வெச்சாரு. விடாக்கண்டன்னு நம்ம வெச்சுக்கலாம். அஞ்சு நாள் மாத்திரை முடிஞ்சதும் இந்த விடாக்கண்டன் முழிச்சுக்கும்.

சரி, அந்த "நோ க்ரோத்" ரிப்போர்ட். இதுதான் என்ன ரொம்ப உறுத்திட்டு இருந்துச்சு, தேடித் தேடிப் படிச்சேன். கல்ச்சர்னா என்ன, ஒரு தட்டுல சாப்பாடு வெச்சு, பஞ்சுல தொட்டு எடுத்தத அதுல தடவி, கிருமி வளருதான்னு பாக்குறது. வளர விருப்பமில்லாம படுத்திருக்குற கிருமி தட்டுலயும் வளராது. சதையோட ஒட்டிட்டு இருக்குறது பஞ்சுல வரவே வராது. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல கிறிஸ் போஸ்ட், கார்த் எர்லிக்னு ரெண்டு பேரும் அவங்க குழுவும் சேந்து குழந்தைங்க காதுக்குள்ள தேங்குற கோந்து மாதிரி தண்ணி 97 சாம்பிள் எடுத்தாங்க. கல்ச்சர்ல கிருமி காட்டுனது 28. அதே சாம்பிள பிசிஆர்ல போட்டாங்க, கொரோனா புண்ணியத்துல இப்ப எல்லாருக்கும் தெரியுமே அதே பிசிஆர்தான், 75-ல கிருமியோட டிஎன்ஏ இருந்துச்சு. இது 1995-ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. உடனே ஒரு சண்டை, செத்த கிருமியோட டிஎன்ஏவா கூட இருக்கலாமேன்னு. நியாயமான கேள்விதான. அதுக்கு 1998-ல அவங்களே பதில் சொன்னாங்க, டிஎன்ஏவ விட்டுட்டு எம்ஆர்என்ஏவத் தேடினாங்க, அது கிருமி செத்தா சீக்கிரம் அழிஞ்சுரும், அதுவும் இருந்துச்சு. அப்ப உயிரோடதான் உக்காந்திருக்கு.

ஆனா கண்ணால பாத்தாதான நம்புவாங்க. 2002-ல சின்சில்லாங்கற பிராணி காதுல ஹீமோஃபிலஸ் கிருமியப் போட்டு வழும்பு படியுறத மைக்ராஸ்கோப்ல காட்டுனாங்க. அது தென்னமெரிக்காவுல இருக்குற ஒரு எலி, முயல் மாதிரி புசுபுசுன்னு இருக்கும், நடுக்காது நல்லா பெருசு, அதனால காது ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது ரொம்ப வசதி. பாவம் அதுக்கு என்ன வசதின்னு தெரியல. கடைசில 2006-ல லூவன் ஹால்-ஸ்டூட்லிங்கற விஞ்ஞானியோட குழு மனுசக் குழந்தைங்கள்லயே பாத்தாங்க. அடிக்கடி காது சீழ் பிடிச்சு, இல்லன்னா தண்ணி தேங்கி, ஜவ்வுல க்ரோமெட்டுங்கற குட்டி குழாய் போட வந்த 26 குழந்தைங்க, அவங்க நடுக்காதுச் சதைல 50 துணுக்கு. 46-ல வழும்பு. காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு (காது கேக்குறதுக்கு உள்ள வெக்குற கருவி) வந்த, காதுல சீழ் பிரச்சினை இல்லாதவங்ககிட்ட எடுத்த துணுக்குல ஒண்ணுலகூட இல்ல. நான் அந்த ரிப்போர்ட்ட மொபைல்ல படிச்சப்ப கிளினிக்ல அந்த டாக்டர் மேசை மேல வெச்சுட்டு வரலாம் போல இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், அவருக்கு ஒரு நாளைக்கு நூறு பேஷன்ட்.

இந்த இடத்துல என் அக்கா மகன் கதை. அஞ்சு வயசு, டிவி சத்தத்த கூட்டிட்டே போறான், கூப்பிட்டா திரும்பல, வாயப் பொளந்துட்டு தூங்குறான், குறட்டை வேற. அக்கா போன்ல "மாமா மாதிரியே இவனும் ஆயிருவானோ"ன்னு அழுவுது. நான் என் மேடம்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். காதுல ஓட்டை இல்ல, ஒழுகல, ஆனா ஜவ்வுக்குப் பின்னாடி கோந்து மாதிரி தண்ணி. காதுக்கும் மூக்குக்குப் பின்பக்கத்துக்கும் ஒரு குழாய் போகுது, யூஸ்டேஷியன் ட்யூபு, பெரியவங்களுக்கு அது சரிவா இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு குட்டையா கிட்டத்தட்ட படுத்த வாக்குல இருக்கும். ஸ்லோப் இல்லாம பைப் போட்டா என்ன ஆகும்னு நம்மகிட்ட கேளுங்க! தேங்கும், தேங்குனா படியும். அந்தக் குழாய் தெறக்குற வாசல்லயே அடினாய்டு சதை. 2007-ல ஒரு ஆய்வு படிச்சேன், நாள்பட்ட சைனஸ் இருக்குற பிள்ளைங்களோட அடினாய்ட எடுத்துப் பாத்தா மேல்பரப்புல 88-ல இருந்து 99 சதவீதம் வரைக்கும் வழும்பு மூடியிருக்கு, தூக்கத்துல மூச்சு அடைபடுதுன்னு அடினாய்டு எடுத்த பிள்ளைங்களுக்கு 6.5 சதவீதத்துக்கு மேல இல்ல. அதாவது கிருமி ஊறி ஊறி நாலா பக்கமும் போற மேல்தொட்டி அது. தொட்டியக் கழுவாம டேப்ப மட்டும் மாத்தி மாத்திப் போட்டா எப்படி.

ஆனா மேடம் ஒடனே கத்திய எடுக்கல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மூணு மாசம் பாப்போம், நெறைய பிள்ளைகளுக்குத் தானா வடிஞ்சுரும்னு சொன்னாங்க, ஆன்டிபயாட்டிக்கும் எழுதல, அக்காவுக்குத்தான் மாத்திரை குடுக்காத டாக்டர் மேல நம்பிக்கையே வரல. மூணு மாசத்துல எடது காது வடிஞ்சுருச்சு, வலது அப்படியே இருந்துச்சு, கேக்குற டெஸ்ட்டும் கம்மியா காட்டுச்சு, அப்புறம்தான் அடினாய்ட எடுத்து க்ரோமெட் போட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு மிக்சி சத்தத்துக்கு காதப் பொத்திக்கிட்டு அழுதானாம்.

நுரையீரல் பக்கமும் இதே கதைதான், இன்னும் சொல்லப்போனா டாக்டர்மாரு முதல்ல புரிஞ்சுக்கிட்டது அங்கதான். டென்மார்க்ல கோபன்ஹேகன்ல நீல்ஸ் ஹாய்பிங்கற டாக்டர் 1970கள்ல சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிங்க சளிய மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப சூடோமோனாஸ் கிருமி தனித்தனியா இல்லாம கொத்துக் கொத்தா கெடந்துச்சு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கறது வெள்ளைக்காரங்ககிட்ட அதிகமா காணப்படுற பரம்பரை நோய், சளி ரொம்பக் கெட்டியாகி நுரையீரல்ல தேங்கும், தேங்குன எடத்துல சூடோமோனாஸ் வழும்பு கட்டிரும், கட்டுனதுக்கு அப்புறம் கெளப்பவே முடியாது. நம்ம உடம்பு வெள்ளையணுக்கள அனுப்பும், அதுங்களால அந்தப் பெரிய கொத்த முழுங்க முடியாது, வாசல்ல நின்னு வீரியமான ரசாயனத்தையும் என்சைமையும் கக்கும், அது நம்ம சதையையே அரிக்கும். செத்த வெள்ளையணுவோட டிஎன்ஏ வேற சேந்து சளிய இன்னும் கோந்தாக்கும். 1993-ல அந்த டிஎன்ஏவ வெட்டுறதுக்குன்னே ஒரு நெபுலைசர் மருந்து அமெரிக்காவுல வந்துச்சு, கிருமியக் கொல்ற மருந்தே இல்ல அது, கோந்த இளக்குறது மட்டும்தான் வேலை. எங்க காஸ்டிக் மாதிரி.

கோபன்ஹேகன்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கட்டுனதுக்கு அப்புறம் அடிக்குறதுக்கு பதிலா, சளில முதல் தடவை சூடோமோனாஸ் தெரிஞ்ச உடனே, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாட்டியும் பரவால்லன்னு, மாத்திரையும் நெபுலைசர்ல நேரா நுரையீரலுக்குப் போற மருந்தும் சேத்துக் குடுத்துப் பாத்தாங்க. ரெண்டே கால் வருஷத்துல மருந்து குடுக்காதவங்கள்ல 58 சதவீதம் பேருக்கு கிருமி நிரந்தரமா குடியேறிருச்சு, குடுத்தவங்கள்ல 14 சதவீதம்தான். 1991-ல லான்செட்டுங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. ஆளுங்க எண்ணிக்கை கம்மிதான், 26 பேரு, ஆனாலும் வித்தியாசத்தப் பாருங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி பிடிக்கணும், மருந்த இருக்குற எடத்துக்கே கொண்டுபோகணும்.

நம்ம ஊருல அந்தப் பரம்பரை நோய் கம்மி, ஆனா டிபி வந்து ஆறுனதுக்கு அப்புறம் மூச்சுக்குழாய் தொளதொளன்னு விரிஞ்சு போனவங்க நெறைய இருக்காங்க. எங்க பெரியப்பா அப்படித்தான், காலைல எந்திரிச்சா ஒரு கிண்ணம் பச்சைச் சளி. தலைய கட்டிலுக்குக் கீழ தொங்கப்போட்டு முதுகத் தட்டித் தட்டி வெளிய எடுக்கச் சொல்லிக்குடுத்தாங்க, பெரியம்மா தட்டும். மாத்திரைய விட அந்தத் தட்டுதான் அவரு மூச்ச காப்பாத்துச்சுன்னு நான் நெனைக்குறேன்.

எடத்துக்கே கொண்டுபோறதுன்னு சொன்னேன்ல, அத எங்க பாஷைல கணக்குப் போட்டுப் பாத்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரை முழுங்குனா ரத்தத்துல உச்சத்துல ஒரு மில்லிக்கு ரெண்டு மூணு மைக்ரோகிராம், அதாவது 2, 3 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு மூணு பங்கு). அதே மருந்து காதுச் சொட்டு மருந்தா 0.3 சதவீதத்துல வருது. ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம். 3000 பிபிஎம்! ஆயிரம் மடங்கு. மேல சொன்னேனே, ஒட்டுனவனக் கொல்ல ஆயிரம் மடங்கு வரைக்கும் வேணும்னு. ஜவ்வுல ஓட்டை இருந்து ஒழுகுற காதுக்கு மாத்திரைய விட சொட்டுதான் நல்லா வேலை செய்யுதுன்னு ஆய்வு எல்லாம் சேத்துப் பாத்தவங்களும் சொல்றாங்க, அது ஏன்னு இந்த ஒரு பெருக்கல்லயே தெரியுதுல்ல. நான் பதினஞ்சு வருஷம் முழுங்குன மாத்திரை எல்லாம் வயித்துக்குப் போச்சு, வயித்த நாசம் பண்ணுச்சு, காதுக்கு ரெண்டு பிபிஎம்.

ஆனா ஒரு விஷயம், சீழ் நெறஞ்ச காதுல சொட்டு விட்டா அது சீழ் மேல மிதக்கும், அவ்ளோதான். முதல்ல சக்ஷன் போட்டு உறிஞ்சணும், இல்ல பஞ்சுத் திரி வெச்சு சுத்தம் பண்ணணும், அப்புறம் சொட்டு, அப்புறம் காத நனைய விடக்கூடாது, வேஸலின் தடவுன பஞ்ச அடச்சுட்டுத்தான் தலைக்குத் தண்ணி. இதத்தான் மேடம் வாரம் ஒரு தடவைன்னு ஆறு வாரம் பண்ணாங்க. இன்னொண்ணு, மெடிக்கல்ல போய் நீங்களா "காது சொட்டு குடுங்க"ன்னு வாங்கிராதீங்க, ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு எல்லாம் இருக்கு, ஓட்டை இருக்குற காதுல அது உட்காதுக்குப் போனா கேக்குற சக்தியே கெடலாம். அதே மாதிரி எலும்ப அரிக்குற வகை ஒண்ணு இருக்கு, கொலஸ்டியடோமான்னு சொல்வாங்க, வாடை ரொம்ப மோசமா இருக்கும், அதுக்கு சொட்டு விட்டுட்டு ஒக்காந்திருந்தா மூளை வரைக்கும் போயிரும். எனக்கு சிடி எடுத்துப் பாத்து அது இல்லன்னு சொன்னப்பதான் அம்மா சாப்பிட்டுச்சு.

2004-ல உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு போட்டாங்க, உலகத்துல 6.5 கோடில இருந்து 33 கோடி பேருக்கு இந்த ஒழுகுற காது இருக்குன்னு, ஜாஸ்தி இருக்குற நாடுகள் வரிசைல இந்தியா. பஸ்ல போகும்போது காதுல பஞ்சு வெச்ச ஆளப் பாத்தா இப்ப எனக்கு பேசணும் போல இருக்கு. ரெண்டு தடவை பேசியும் இருக்கேன், ஒருத்தர் சிரிச்சாரு, ஒருத்தர் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு. ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு.

இதெல்லாம் படிச்சுட்டு எல்லா காது வலியும் வழும்புதான்னு நெனச்சுராதீங்க. முதல் தடவை சளியோட வர்ற காதுக்குத்து வேற, அதுக்கு மாத்திரை நல்லாவே வேலை செய்யும். எனக்கும் வழும்பு மட்டும் காரணம் இல்ல, ஓட்டை இருந்துச்சு, ஓட்டை வழியா தண்ணி போச்சு, வழும்புக்கு அது சாப்பாடு. காது காஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு காதுக்கு மேல இருக்குற தசையோட மேல்தோல் மாதிரி மெல்லிசா ஒண்ண எடுத்து ஓட்டைய அடச்சாங்க, டிம்பனோபிளாஸ்டி. ஒரு மாசம் மூக்கச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயத் தெறந்துட்டு தும்மணும். அலுவலகத்துல நான் ஆ..ன்னு வாயப் பொளந்து தும்முறத பாத்து எல்லாரும் சிரிச்சாங்க, போன்ல வீடியோ வேற எடுத்து வெச்சிருக்கானுங்க.

அந்த கேன் பிளான்ட்டுக்கு வருவோம். ஓனர் "சும்மா ஒரு தடவை ஆசிட் ஓட்டிட்டு கெளம்புங்க தம்பி, சாயங்காலம் லோடு போகணும்"னாரு. முடியாதுன்னுட்டேன். காஸ்டிக்க கரைச்சு ஓட்டி, ஊறவிட்டு, வழும்பு பழுப்புத் தண்ணியா வெளிய வர்ற வரைக்கும் ஓட்டி, தண்ணி தெளிஞ்சதுக்கு அப்புறம் சிட்ரிக் ஆசிட். ராத்திரி ஒம்பது ஆச்சு. லோடு போகல, மனுசன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு, டீயும் வரல. பம்ப ஆன் பண்ணிட்டு வலது காத பைப் மேல வெச்சு சத்தம் கேட்டேன். முன்னாடி எல்லாம் எடது காதத்தான் வெப்பேன்.